நாற்பத்து நாலாம் நம்பர் ஜெர்ஸி

மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். நம் கல்லூரி வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுத என்னைவிட மூத்தவர்கள், நன்றாக ஆடியவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களுக்கே விட்டுவிட்டு, நான் வேறொரு கல்லூரியின் பழைய மாணவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் ஊர்க்காரர் இல்லை, நம் நாட்டுக்காரரும் இல்லை. 23 வயதிலேயே இறந்துபோனவர். ஆனாலும் பழைய மாணவர் என்றால் யார் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்தான். பெயர் எர்னி டேவிஸ். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நம் கல்லூரிக்கு மூன்று வருஷம் லெஃப்ட் அவுட் ஆடியவன். நமக்கு ஃபுட்பால் என்றால் உருண்டைப் பந்து, காலால் உதைப்பது. அமெரிக்கர்களின் ஃபுட்பால் வேறு சமாசாரம். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது வீசுவார்கள். மைதானம் 100 கஜம். நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 6 பாயிண்ட். அதற்குப் பெயர் டச்டவுன். அதன் பிறகு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 1 பாயிண்ட், மறுபடியும் கோட்டைத் தாண்டினால் 2 பாயிண்ட். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதிக் கதை புரியும். அங்கே காலேஜ் ஃபுட்பாலுக்கு இருக்கிற மவுசு, நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு இருக்கிற மவுசு மாதிரி.

எர்னி டேவிஸ் 1939 டிசம்பர் 14 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ சேலம் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஒரு விபத்தில் இறந்துவிட்டார். குழந்தையைத் தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் யூனியன்டவுன் என்ற ஊரில் வளர்த்தார்கள். தாத்தா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கறுப்பினக் குடும்பம், ஆள் நிறைந்த வீடு, வசதி குறைவு. சிறுவன் எர்னிக்குத் திக்குவாய் வேறு. 12 வயதில்தான் தாயாரோடு சேர்ந்து வாழ நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறிய நகரத்துக்கு வந்தார்.

எல்மைராவில் அவர் படித்த உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால், கூடைப்பந்து, ஃபுட்பால் மூன்றிலும் அவர்தான் முன்னால். அவர் ஆடிய கூடைப்பந்து அணி தொடர்ந்து 52 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. ஃபுட்பாலிலும் பள்ளி மாணவர்களுக்கான அகில அமெரிக்கத் தேர்வில் இடம் பெற்றார். படிப்பு முடிகிற சமயத்தில் பல கல்லூரிகள் வந்து வாசலில் நின்றன. எங்களிடம் வாருங்கள், எங்களிடம் வாருங்கள் என்று ஒரே இழுபறி.

கதையின் முதல் முடிச்சு இங்கேதான். எர்னியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஜிம் பிரவுன். அவர் சிரக்யூஸின் பழைய மாணவர். அமெரிக்க ஃபுட்பால் கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று இன்றைக்கும் பேசப்படுகிறவர். 1957-ல் படிப்பை முடித்துவிட்டுத் தொழில்முறை ஃபுட்பாலில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு ஆடப் போயிருந்தார். கல்லூரியில் அவர் போட்டிருந்த ஜெர்ஸியின் நம்பர் 44.

இந்த ஜிம் பிரவுனுக்குச் சிரக்யூஸ் மேல் குறை இல்லாமல் இல்லை. கறுப்பின மாணவன் என்பதற்காக அவர் அங்கே பட்ட கசப்புகள் கொஞ்ச நஞ்சமல்ல. ஆரம்பத்தில் அவருக்கு உதவித்தொகைகூடக் கல்லூரி தரவில்லை. அவ்வளவு திறமை இருந்தும், கல்லூரி ஃபுட்பாலின் மிக உயர்ந்த பரிசான ஹைஸ்மன் டிராஃபிக்கு 1956-ல் நடந்த வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். அப்படிப்பட்டவர், நமக்கென்ன என்று போகாமல் திரும்பி வந்தார். தனக்குப் பின்னால் வருகிற பையனிடம் பேசினார். உனக்கு இங்கே நன்றாக இருக்கும் என்று எடுத்துச் சொன்னார். எர்னி சிரக்யூஸில் சேர்ந்தார். 44-ஆம் நம்பர் ஜெர்ஸி அவருக்கு வந்தது.

அந்தக் காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆட முடியாது. ஆகவே எர்னி இரண்டாமாண்டில், 1959-ல்தான் களத்தில் இறங்கினார். கோச் பெயர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் இருந்து நார்மண்டியில் குதித்தவர். மிலிட்டரிக் கண்டிப்பு. அந்த சீசனில் சிரக்யூஸ் ஆடிய 10 ஆட்டங்களிலும் ஜெயித்தது.

அன்று கல்லூரி ஃபுட்பாலில் தேசிய சாம்பியனை இறுதிப் போட்டி நடத்தித் தீர்மானிக்கும் வழக்கம் கிடையாது. இப்போது இருக்கும் பிளே-ஆஃப் முறை 2014 சீசனில்தான் வந்தது. அப்போதெல்லாம் பத்திரிகையாளர்களும் கோச்சுகளும் தனித்தனியே ஓட்டுப் போட்டு டிசம்பர் மாதத்திலேயே முதலிடம் யாருக்கு என்று அறிவித்துவிடுவார்கள். 1959-ல் இரண்டு ஓட்டெடுப்பிலும் சிரக்யூஸ்தான் முதலிடம். ஆனால் வருஷப் பிறப்பையொட்டி பௌல் ஆட்டங்கள் என்று பெரிய ஆட்டங்கள் நடக்கும். 1960 ஜனவரி 1 அன்று டாலஸ் நகரத்தில் காட்டன் பௌல். எதிரணி டெக்சாஸ் பல்கலைக்கழகம், நாட்டில் நாலாம் இடத்தில் இருந்த அணி. கிரீடத்தைக் கொடுத்துவிட்டார்கள், அது தலையில் நிற்கிறதா என்று பார்க்கும் ஆட்டம் இது. தோற்றிருந்தால் ஏட்டில் சாம்பியன் பட்டம் இருந்திருக்கும், ஊர் வாயை மூட முடிந்திருக்காது.

இடத்தையும் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அது அமெரிக்காவின் தெற்குப் பகுதி. கறுப்பர் வேறு, வெள்ளையர் வேறு என்று ஓட்டல், பள்ளி, பஸ் எல்லாவற்றிலும் பிரித்து வைத்திருந்த காலம். இரட்டை டம்ளர் பழக்கத்தைப் பார்த்த நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. டெக்சாஸ் அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது. அந்தப் பல்கலைக்கழக அணிக்கு ஆடி அங்கீகாரம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஜூலியஸ் விட்டியர், அதுவும் 1970-ல். சிரக்யூஸ் அணியில் மூன்று பேர் இருந்தார்கள்: எர்னி டேவிஸ், ஜான் பிரவுன், ஆர்ட் பேக்கர்.

போதாததற்கு, ஆட்டத்துக்குச் சற்று முன்பு எர்னிக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. அதோடுதான் இறங்கினார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஜெர் ஷ்வேடஸ் என்ற சக ஆட்டக்காரர் பந்தை வீசினார். எர்னி பிடித்தார், ஓடினார். கணக்கில் 87 கஜ டச்டவுன்! தசை பிடித்த காலோடு ஓடிய ஓட்டம் அது. காட்டன் பௌல் சரித்திரத்தில் அதுவரை அவ்வளவு நீளமான பாஸில் யாரும் டச்டவுன் போட்டதில்லை. அடுத்து, கோட்டுக்குப் பக்கத்திலிருந்து முட்டி மோதி இரண்டாவது டச்டவுன். முதல் பாதி முடியும்போது சிரக்யூஸ் 15, டெக்சாஸ் 0.

அந்த முதல் பாதி அமைதியாக முடியவில்லை. மைதானத்திலேயே கைகலப்பு நடந்தது. நிறத்தைச் சொல்லி ஏசினார்கள் என்று ஜான் பிரவுன் தரப்பில் புகார். ஆனாலும் எர்னி ஆட்டத்தை விட்டுக் கவனத்தைத் திருப்பவில்லை. அந்தக் காலத்தில் ஒரே ஆட்டக்காரர் தாக்குதலிலும் தடுப்பிலும் இருப்பார். எதிரணி வீசிய பந்தை எர்னி குறுக்கே புகுந்து பிடித்தார், அதிலிருந்து மூன்றாவது டச்டவுன் வந்தது. கூடுதல் இரண்டு பாயிண்ட் வாய்ப்புகள் இரண்டிலும் பந்தைப் பிடித்தவர் அவரே. முடிவு 23-14. அந்த 23-ல் 16 பாயிண்ட் எர்னியுடையது. சிரக்யூஸ் 11 ஆட்டத்தில் 11 வெற்றி. ஆட்டநாயகன் விருதும் எர்னிக்கே. இத்தனைக்கும் அவர் இரண்டாமாண்டு மாணவர்!

இங்கே கைதட்டிவிட்டு முடித்தால் இது வழக்கமான வெற்றிக் கதை. ஆனால் அன்று ராத்திரி பரிசளிப்பு விருந்து இருந்தது. எர்னிக்கும் மற்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களுக்கும் தகவல் சொல்லப்பட்டது. பரிசை வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதும் மண்டபத்தை விட்டுப் போய்விட வேண்டும். ஜான் பிரவுன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, அவர்களோடு தானும் வெளியேறுகிறேன் என்று ஷ்வேடஸ் கிளம்பினாராம். பெரிய கலாட்டாவாகிவிடும் என்று சிரக்யூஸ் நிர்வாகிகள் தடுத்துவிட்டார்களாம். 16 பாயிண்ட் எடுத்துக் கொடுத்தவனுக்கு, அந்த வெற்றியைக் கொண்டாடுகிற மண்டபத்தில் கடைசி வரை இருக்க உரிமை இல்லை.

எனக்கு அந்த 87 கஜ ஓட்டத்தைவிட இந்த இடம்தான் அடிக்கடி நினைவுக்கு வரும். நம் கல்லூரியிலும் சாம்பியன்ஷிப் ஜெயித்த ராத்திரி ஹாஸ்டல் மெஸ்ஸில் விருந்து போடுவார்கள். கேப்டனும் பந்து பொறுக்கிப் போடுகிற பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவோம். கோப்பை யார் அலமாரியில் இருக்கிறது என்பதா பெரிசு? அந்தப் பெஞ்சில் யாருக்கு இடம் இருந்தது என்பதுதான் பெரிசு.

எர்னி ஆத்திரப்பட்டு ஆட்டத்தை விட்டுவிடவில்லை. பயந்து ஒதுங்கவும் இல்லை. அடுத்த இரண்டு வருஷமும் அதே 44-ஐப் போட்டு ஆடினார். கல்லூரியில் ஜிம் பிரவுன் வைத்திருந்த ரன்னிங் சாதனைகளை முறியடித்தார். மூன்று சீசனில் 2,386 கஜம் ஓட்டம், 35 டச்டவுன். யூத மாணவர்களே பெரும்பாலும் இருந்த ஒரு மாணவர் சங்கம் அவரைத் தங்கள் முதல் கறுப்பின உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1961-ல் லிபர்ட்டி பௌல் ஆட்டத்தில் மயாமி அணியை 15-14 என்று ஜெயித்தபோதும் அவரே ஆட்டநாயகன்.

அதே 1961 டிசம்பரில் ஹைஸ்மன் டிராஃபி அவருக்குக் கிடைத்தது. 1935 முதல் கொடுத்து வந்த அந்தப் பரிசை வாங்கிய முதல் கறுப்பின மாணவர் எர்னி டேவிஸ். அந்தச் சமயம் நியூயார்க் வந்திருந்த ஜனாதிபதி கென்னடி அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். இரண்டே வருஷத்துக்கு முன்னால் விருந்து மண்டபத்தில் இருக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட பையன்!

தொழில்முறை ஆட்டத்துக்கான 1962 தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக அவரை எடுத்தது வாஷிங்டன் அணி. அதன் முதலாளி கறுப்பினத்தவரைச் சேர்க்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். அரசாங்க நிலத்தில் கட்டிய ஸ்டேடியத்தில் அந்தப் பிடிவாதம் செல்லாது என்று மத்திய அரசு நெருக்கிய பிறகுதான் இறங்கி வந்தார். எர்னியை உடனே கிளீவ்லாந்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பாபி மிட்செல் என்ற கறுப்பின ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டார்கள். இதில் எர்னிக்குச் சந்தோஷமான விஷயம், கிளீவ்லாந்தில் இருந்தவர் ஜிம் பிரவுன். அண்ணனும் தம்பியும் போல இரண்டு 44-ம் ஒரே அணியில் ஆடப்போகிறார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அது நடக்கவில்லை. 1962 கோடையில், சிகாகோவில் நடக்கவிருந்த கல்லூரி நட்சத்திரங்களின் ஆட்டத்துக்குத் தயாராகும்போது எர்னிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். ரத்தப் புற்றுநோய். அன்று அதற்கு இன்றைக்கு இருக்கிற வைத்தியம் கிடையாது. நோயின் பெயரைக்கூட அவரிடம் சில வாரங்கள் கழித்தே சொன்னார்கள். நடுவில் கொஞ்சம் தேறினார். ஆடவிடலாமா கூடாதா என்று கிளீவ்லாந்து முதலாளிக்கும் கோச்சுக்கும் தகராறே வந்தது. கடைசிவரை ஆடவில்லை. ஒரே ஒரு ராத்திரி, கிளீவ்லாந்து ஸ்டேடியத்தில் விளக்கொளியில் அவரை அறிமுகப்படுத்தினார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. தொழில்முறை மைதானத்தில் அவர் கால்வைத்தது அவ்வளவுதான்.

1963 மார்ச் மாதம் ஒரு பிரபல வாரப் பத்திரிகையில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதினார். தன்னைத் துரதிர்ஷ்டசாலி என்று நினைக்கவில்லை என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். பலருக்கு ஒரு ஆயுளில் கிடைக்காதது தனக்கு 23 வயதுக்குள் கிடைத்துவிட்டது என்ற மனநிலை. 1963 மே 18 அன்று கிளீவ்லாந்தில் காலமானார். எல்மைராவில் அவருக்கு அஞ்சலி செலுத்த 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். கிளீவ்லாந்து அணி, ஒரு ஆட்டம்கூட ஆடாத அவருடைய 45-ஆம் நம்பரை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒதுக்கி வைத்தது.

இப்போது இரண்டாவது முடிச்சு. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, எர்னி தன் பழைய கோச்சுடன் ஒரு பள்ளி மாணவனைப் பார்க்கப் போனார். ஜிம் பிரவுன் தன்னைத் தேடி வந்தது போலவே. அந்தப் பையன் பெயர் ஃபிளாய்ட் லிட்டில். எங்கே சேருவது என்று அவனுக்கு மனதில் பல யோசனைகள். எர்னியிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டானே தவிர முடிவாகத் தீர்மானிக்கவில்லை. எர்னி இறந்த செய்தி வந்தது. ஃபிளாய்ட் கோச்சுக்குப் போன் போட்டு, நான் சிரக்யூஸுக்குத்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். 44-ஐப் போட்டுக்கொண்டு மூன்று சீசன் ஆடினார். பிறகு தொழில்முறை ஆட்டத்திலும் பெரிய பெயர் வாங்கி 2010-ல் அதன் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அதோடு நிற்கவில்லை. 2011-ல் வயதான காலத்தில் சிரக்யூஸுக்கே திரும்பி வந்து விளையாட்டுத் துறையில் மாணவர்களோடு வேலை பார்த்தார். 2021-ல் அவர் மறைந்தார், 2023-ல் ஜிம் பிரவுனும் மறைந்தார்.

உடம்பில் அந்த நோயை வைத்துக்கொண்டு, தான் ஆடவே முடியாத ஒரு வருஷத்துக்காக, கல்லூரிக்கு ஆள் சேர்க்கப் போனாரே! சும்மா சொல்லக்கூடாது, இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிரக்யூஸ் ஏதோ குறையே இல்லாத சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1970-ல் அதே கோச்சின் கீழ் ஆடிய கறுப்பின மாணவர்கள், வைத்திய வசதியிலும் படிப்பு உதவியிலும் பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று சொல்லிப் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். சிரக்யூஸ் எட்டு பேர் என்று பெயர் வாங்கிய அவர்கள் உண்மையில் ஒன்பது பேர். ஆட்ட வாழ்க்கையையே அதற்காக இழந்தவர்கள் அவர்களில் உண்டு. 36 வருஷம் கழித்து, 2006-ல், பல்கலைக்கழகம் அவர்களைத் திரும்ப அழைத்துப் பதக்கம் கொடுத்து மரியாதை செய்தது. தாமதம்தான். ஆனாலும் அழைத்தார்கள், அவர்களும் வந்தார்கள்.

44-ஆம் நம்பரை 2005-ல் சிரக்யூஸ் ஒதுக்கி வைத்துவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தபால் குறியீட்டு எண் 13244, கடைசியில் அந்த 44 வரும்படி கேட்டு வாங்கியது. 2008-ல் எர்னிக்குச் சிலை வைத்தார்கள். ஒரு வேடிக்கை, சிலையின் காலில் நைக்கி ஷூ! அவர் ஆடின காலத்தில் அந்தக் கம்பெனியே கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துப் பேப்பரில் செய்தியாகிவிட்டது. அதே வருஷம் அவர் வாழ்க்கை சினிமாவாகவும் வந்தது.

தம்பி தங்கைகளே, நீங்கள் இன்று இந்தக் கல்லூரியில் இருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு இங்கே குறைகள் இருக்கலாம். ஜிம் பிரவுனுக்கும் இருந்தது. குறையைப் பேசுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் எல்லாம் முடிந்து வெளியே போன பிறகு, உங்களுக்கு அடுத்து வருகிறவனுக்குக் கொஞ்சம் சுலபமாக்க ஒருமுறையாவது திரும்பி வாருங்கள். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு ஹாஸ்டலில் உங்கள் பக்கத்தில் இடம் போடுங்கள்.

என் வயதுத் தோழர்களே, நமக்கும் ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிட்டுப் பழைய கதை பேசுவதில் தப்பில்லை, எனக்கும் அது பிடிக்கும். கூடவே, இந்த வருஷம் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைத் தேடிப்போய்ப் பார்ப்போம். ஃபீஸ் கட்ட முடியாதவனாக இருக்கலாம், இந்தக் கல்லூரி நமக்கெல்லாம் எங்கே என்று தயங்குகிறவளாக இருக்கலாம். வா, இங்கே உனக்கு இடம் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டி வருவோம். எர்னி டேவிஸுக்கு அதற்கு ஒரு வருஷம்கூடக் கிடைக்கவில்லை. இருந்தும் செய்துவிட்டுப் போனார். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.